திரையில் ஐம்பத்திரண்டு

மூன்று மணிக்கு வீடு இடிபடும். இப்போது இரண்டு நாற்பது.

வாசலில் புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில், ஒரு முழ அகலக் குழியைச் சுற்றி நான்கு பேர். வீட்டுக்காரியான அக்கா. அவள் கணவரான அத்தான். தொல்பொருள் துறை மேடம். உலோகம் தேடும் கருவியோடு அக்காவின் தம்பி. கருவி போடும் சத்தமே அவனுக்குப் பெயராகிவிட்டது: பீப்.

புதிய சாலை இந்த வீட்டின் மேல்தான் ஓடப்போகிறது. தடுக்க ஒரே வழி, மண்ணுக்குள் நூறு வருடத்துக்கு முந்தைய பொருள் இருப்பதாக மேடம் எழுதித் தருவது. காலையில் பீப் தோண்டியெடுத்த வெண்கல இடுப்புவார்க் கொக்கி, பச்சைப் பசேலென்று அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு சாண், மேடம்."

"மண்ணு பொலபொலன்னு இருக்கே?"

"மழைங்க மேடம்" என்று முந்திக்கொண்டார் அத்தான்.

பீப் அவரைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்தார். அங்கே பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"குழிக்குள்ள இன்னொரு தடவை கருவியை ஓட்டுங்க. கீழ கிடக்கிறது புதுசுன்னா, மேல கிடந்தது அதுக்கப்புறம்தான் புதைஞ்சிருக்கணும்."

பீப் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கருவியின் தட்டைக் குழிக்குள் இறக்கினான்.

டிங்!

அவன் காதுக்கு மட்டும் கேட்டது. திரையில் ஐம்பத்திரண்டு.

உலோகத்துக்கு ஓர் எண் காட்டும் கருவியில், இது அவனுக்கு மனப்பாடமான எண். குளிர்பான டின்னைத் திறந்ததும் பிய்த்தெறிவார்களே, அந்த அலுமினிய வளையம். மூன்று வருடத்தில் ஒரு வாளி நிறையத் தோண்டியிருக்கிறான். அது வெளியே வந்தால் கொக்கி புதைந்தது நேற்றைய கதையாகிவிடும். அக்காவின் வீடு தரைமட்டம்.

"என்ன?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லை. வெத்து மண்ணு."

மேடம் பையிலிருந்து ஈரப் பஞ்சை எடுத்துக் கொக்கியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பச்சை மொத்தமும் பஞ்சோடு வந்தது.

"பழைய வெண்கலத்துல பச்சைக் களிம்பு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். இது பூசின மருந்து. ஓரத்துல பாருங்க, அரம் போட்ட தடம்கூடத் தேயலை."

அக்கா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏன்டி பார்க்கிற?"

மேடம் படிவத்தை விரித்தார். 'பழம்பொருள் எதுவும்...' என்று பேனா ஓடத் தொடங்கியது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

சட்டென்று பீப்புக்கு உறைத்தது. மெல்லிய தங்கத்துக்கும் அதே எண்தான்! டின் வளையமும் தங்கமும் கருவிக்கு ஒன்றுதான். அதனால்தானே வாளி நிறையக் குப்பையைச் சலிக்காமல் தோண்டினான்? இன்று பயத்தில், தோண்டாமலே தீர்ப்பு எழுதிவிட்டான்.

சொன்னால் கருவி பறிபோகும். சொல்லாவிட்டால் வீடு.

"மேடம், நிறுத்துங்க! பொய் சொன்னேன். கீழ சத்தம் கேட்டுது."

பேனா நின்றது. "இன்னொரு கொக்கியா?"

"ஐயோ, அதை நான் போடலை!" என்று அலறினார் அத்தான்.

அக்கா கணவரை நோக்கி ஓரடி வைத்தாள். வாசலில் புல்டோசர் உறுமியது.

"அப்ப மேல இருந்ததை?" என்றாள் அக்கா.

"வீடு போகுதேன்னுதான்டி..."

மேடம் மண்டியிட்டுக் கொத்துக்கரண்டியால் குழியின் அடியைத் தட்டினார். ணங்கென்று கேட்டது.

"இறுகின மண்ணு. இதை யாரும் கிளறலை. உங்க வீட்டுக்காரர் சோம்பேறியா இருந்தது நல்லதாப் போச்சு."

"மேடம், மூணாச்சு!" வாசலிலிருந்து டிரைவர் கத்தினான்.

அவர் திரும்பவில்லை. கீறினார். ஊதினார். மீண்டும் கீறினார். மண்ணில் மஞ்சளாக ஒரு கீற்று. கூடவே, அதே இறுகிய மண்ணில் ஒரு பானை ஓடு.

வளையம்தான். ஆனால் சுண்டுவிரல் நகமளவு காது வளையம். மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கம்பி ஒரே கனமா இல்லை. சுத்தியலால தட்டி இழுத்திருக்காங்க. ஓடு சக்கரத்துல ஏத்தினதில்லை, கையால பிசைஞ்சது."

"நூறு வருஷம் தேறுமா மேடம்?" என்று கேட்டான் பீப்.

"ஆயிரத்தையே தாண்டும். எத்தனை ஆயிரம்னு சோதிச்சாத்தான் தெரியும்."

படிவத்தைக் கிழித்தெறிந்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்: "இன்ஜினை நிறுத்துப்பா!"

உறுமல் அடங்கியது. அக்கா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீடு நிக்கும்ல?"

"நிக்கும்மா. சாலைதான் வளைஞ்சு போகணும். ஆனா கொல்லை முழுக்கத் தோண்டுவோம். தம்பி, உங்க பொய்யையும் எழுதத்தான் போறேன். கருவியைக் குடுங்க."

பீப் மறுபேச்சில்லாமல் நீட்டினான்.

"என் பேரைக் கொஞ்சம் சின்ன எழுத்துல..." என்று இழுத்தார் அத்தான்.

அக்கா எழுந்தாள். பச்சை வெளுத்த கொக்கியை எடுத்துக் கணவரின் கையில் வைத்து அழுத்தினாள்.

"இடுப்புல மாட்டிக்கிட்டு நாளைக்கு மண்ணு சுமக்க வாங்க. முதல் கூடை உங்களுக்குத்தான்."