கொழுந்தன் கவனிக்காத பக்கம்

"அண்ணி, நீங்க பண்ணின பக்கம் அழகாத்தான் இருக்கு. ஆனா என் ஃபோன்ல சுத்திக்கிட்டே இருக்கு. அது தொறக்கறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்."

ஆம்புலன்ஸ் ஓட்டும் கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். கணவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று ஓட்டுநர்களுக்குக் காட்டும் அந்த இணையப் பக்கத்தில் பெரும்பகுதி அவள் எழுதியது. அலுவலகத்துக் கணினியில் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும்.

மறுநாள் மதியம் விடுப்பு போட்டுவிட்டு வண்டியில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவனுடையது விரிசல் விட்ட பழைய ஃபோன். பாலத்தடியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது. ஃபோன் கையைச் சுட்டது. கொழுந்தன் சாலையையே பார்த்து ஓட்டினான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

குழுத்தலைவருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பட்டப்பெயர். கூரையே இடிந்து விழுந்தாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் வரும்.

"சார், புதுசா எதுவும் சேர்க்க வேணாம். இருக்கறதை முதல்ல இளைக்க வைப்போம்."

"அடுத்த வாரம் புது வசதியெல்லாம் காட்டறேன்னு மேல சொல்லியிருக்கேனேம்மா."

அவள் அதே மாதிரிப் பழைய ஃபோன் ஒன்றில் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். வட்டம் சுற்றுவதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது.

"நிதானமா பண்ணு. மேல நான் பேசிக்கறேன்."

மேலதிகாரியிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கண்ணாடிக் கதவுக்கு வெளியேகூடக் கேட்டது. வெளியே வந்தவர், "எதுல ஆரம்பிக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

அளந்து பார்ப்பதில் ஆரம்பித்தாள். யாரும் தொடாமலே நகரத்து வரைபடம் முழுவதும் முதலிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் மட்டும் வரும்படி மாற்றினாள். தேதியை எழுதிக் காட்டுவதற்காக மட்டும் சேர்த்திருந்த ஒரு பெரிய நிரல் மூட்டையைத் தூக்கிப் போட்டாள். எங்கோ ஒரு படுக்கை நிரம்பினால் பக்கத்தைக் கட்ட அவர்கள் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல், பட்டியல் முழுவதையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தது. அது ஃப்ரேம்வொர்க்கின் தப்பில்லை, அவள் எழுதிய விதம் அப்படி. இனி அந்த ஒரு வரி மட்டும் மாறும். ஆர்வக் கோளாறில் பக்கத்தை ஏகப்பட்ட துண்டுகளாகப் பிரித்ததில், ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்க வேண்டியிருந்து முன்னைவிட மோசமானது. தலையில் அடித்துக்கொண்டு பாதியைத் திரும்ப ஒட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய ஃபோனில்தான் சோதனை.

கடைசியில், படுக்கைப் படம் மிதந்து வந்து நிற்கும் அசைவு மிஞ்சியது. அவள் ஆசை ஆசையாகச் செய்தது. அதையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

புதுப் பக்கம் வந்து கொஞ்ச நாளில், கொழுந்தன் வீட்டுக்குள் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

"அண்ணி, இன்னைக்கு ஒரு பிரசவ கேஸ். அந்தம்மா வலியில துடிக்குது, வீட்டுக்காரர் என் தோளைப் பிடிச்சு உலுக்கறார். கிட்ட இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் திருப்பினேன். அங்க இடம் இல்லை. அப்படியே ஆத்தோரமா வண்டியை விட்டு அடுத்த ஆஸ்பத்திரியில சேர்த்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ள போன கொஞ்ச நேரத்துல குழந்தை அழுற சத்தம். வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டார்."

"அங்க போய்ப் பார்த்துட்டா திரும்பினே?"

"போனா நேரம் என்ன ஆகறது? வழியிலேயே தெரிஞ்சுடுச்சே."

"எப்படி தம்பி?"

"ஃபோன்ல காட்டுச்சு அண்ணி," என்றவன், குழந்தையின் கை எவ்வளவு சின்னது என்று விரலால் காட்டத் தொடங்கினான்.

பக்கம் சட்டென்று திறந்ததை அவன் கவனிக்கவே இல்லை. அவள் அவனைச் சாப்பிட உட்காரவைத்து, தட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள்.

மறுநாள் காலை நேராக நிதானத்தின் இருக்கைக்குப் போனாள்.

"ரொம்ப நன்றி சார்."

"எதுக்கும்மா?"

சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன குழந்தை?"

"பொண்ணு சார்."

"நல்லா இருக்கட்டும். நானும் உனக்கு நன்றி சொல்லணும்மா," என்றவர், எழுந்து நின்று குழுவில் எல்லோரையும் கூப்பிட்டார். "முதல்லேர்ந்து சொல்லு. இவங்களும் கேட்கட்டும்."