பூப்போட்ட பக்கம்

ரத்தப் பரிசோதனை லேபில் இரவு வேலை முடித்து அவள் வீட்டுக்கு வந்தபோது, படுக்கையறை ஜன்னலில் புதுத் திரை தொங்கியது. வெள்ளை வலைத்துணி, அதில் பூத்தையல். காலை வெயில் அதற்குள் புகுந்து வந்து சரியாக அவள் தலையணை மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆந்தை வந்தாச்சா?" என்றான் கணவன். அவள் இரவு வேலைக்குப் போகத் தொடங்கியதும் அவன் வைத்த பெயர். "எப்படி இருக்கு? அம்மா செலக்‌ஷன்."

"நான் என்ன வாங்கச் சொன்னேன்?"

"கெட்டித் துணின்னு சொன்னே."

"அடர் நிறம். உள்பக்கம் லைனிங். ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது. சொன்னேனா, இல்லையா?"

"சொன்னே. அம்மாதான்..."

மாமியார் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "ஏம்மா, தெருவைப் பார்த்த ஜன்னல். கருப்பா எதையாவது மாட்டினா பூட்டின கடை மாதிரி இருக்காதா? வெளிய போய்ப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அப்போதுதான் கவனித்தாள். பூக்கள் தெருவைப் பார்த்திருந்தன. உள்ளே தெரிந்தது துணியின் முதுகு. நூல் முடிச்சுகள், அறுத்துவிட்ட இழைகள். இந்த வீட்டில் எல்லா ஜன்னலிலும் அப்படித்தான் மாட்டுவார்கள். ஊரார் பார்க்கப் பூ, வீட்டிலிருப்பவர்களுக்கு முடிச்சு. இதுவரை அவள் வாய் திறந்ததில்லை.

போன வாரம் தூங்காத கண்ணோடு வேலைக்குப் போய், ஒரு குழந்தையின் ரத்த சாம்பிளில் ஒரு கிழவரின் பெயரை ஒட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் பார்த்துத் தடுத்தாள். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றுவிட்டார் மேலதிகாரி. அதைவிட, யாரும் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவளை உலுக்கியது. இவ்வளவையும் சொல்லித்தான் கணவனைக் கடைக்கு அனுப்பினாள்.

"கண்ணுக்கு ஒரு துணியைக் கட்டிக்கோயேன்," என்றான் அவன்.

தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தாள். ஹால் இருட்டாக இருந்தது. அங்கேயும் புதுத் திரை. கருநீலம். தொட்டுப் பார்த்தாள், கனத்தது. உள்பக்கம் லைனிங்.

"இது எதுக்கு?"

"மத்தியானம் டிவி மேல வெயில் அடிக்குதுல்ல, ஒருத்தர் முகமும் தெரியலை," என்றாள் மாமியார். "இந்தப் பக்கம் வெறும் மதில்தானே, யார் பார்க்கப் போறா?"

"டிவிக்குக் கண்ணு கூசுது. எனக்குக் கூசலை. அப்படித்தானே அத்தை?"

"என்ன பேச்சு இது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கம்பியிலிருந்து வளையங்களை உருவினாள். ஹால் முழுக்க வெளிச்சம் வந்து விழுந்தது.

"ஏய், இறங்கு, விழுந்துடப்போறே!" என்று ஓடி வந்தான் கணவன்.

"பிடிக்கணும்னா நாற்காலியைப் பிடிங்க. என்னைப் பிடிக்காதீங்க."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். படுக்கையறையிலும் பிடித்தான். கருநீலம் அங்கே தரைவரை புரண்டது. வலைத்துணியை மடித்து மாமியார் கையில் கொடுத்தாள். சுருட்டி எறியாமல் மடித்ததே பெரிய மரியாதை.

"தெருவுல போறவங்க என்ன நினைப்பாங்க?"

"உள்ளே ஒருத்தி தூங்கறான்னு நினைக்கட்டும்."

கதவைச் சாத்திப் படுத்தாள். வெளியே மாமியார் குரல்: "இத்தனை நாள் இந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சின்னுல்ல நினைச்சேன்!"

"விடும்மா. தூங்கி எழுந்தா சரியாயிடுவா."

சரியாவதற்கு அவளுக்கு என்ன காய்ச்சலா? எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "தூங்கி எழுந்தாலும் இது இங்கதான் தொங்கும்."

மறுபடி படுத்தாள். கை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு. ஆனால் சண்டையின் சூடு இன்னும் தணியவில்லை. தூக்கம் கிட்டே வரவில்லை. இரவு லேபில் சாம்பிள்கள் வந்து காத்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.