போன் எடுக்காத அறுபத்திரண்டு பேர்

எனக்கு இன்னும் கோபம் அடங்கல. அதனால கோர்வையா வராது.

எங்க ஆஸ்பத்திரியில இதயம் வீக்கா இருக்கிறவங்க டிஸ்சார்ஜ் ஆனா, ஒரு நர்ஸ் வீட்டுக்கே போய் கால் வீங்கியிருக்கா, மாத்திரை சரியா போகுதான்னு பாப்பாங்க. நாலு மாசம் முன்னாடி கூடவே ஒண்ணு சேத்தாங்க. பத்தாம் நாள் போன். பேசுறது என் சொந்த அக்கா. அவளும் இங்கதான் நர்ஸ், நான் டேட்டா பாக்குறவன்.

எங்க நிர்வாகி, நாங்க வச்ச பேரு ஸ்லைடு சார். காலையில மீட்டிங்ல ஒரு படம் போட்டாரு. போன் எடுத்தவங்கள்ல நூத்துக்கு ஆறு பேர்தான் ஒரு மாசத்துக்குள்ள திரும்ப அட்மிட். எடுக்காதவங்கள்ல முப்பத்தொம்போது. "போனே போதும். அடுத்த மாசத்துலேர்ந்து வீட்டுக்குப் போற டீம் வேண்டாம்."

எல்லாரும் தலையாட்டுறாங்க! நான் எந்திரிச்சேன்.

"சார், எடுக்காதவங்க ஏன் எடுக்கல?"

"பொறுப்பு இல்ல, வேறென்ன. ஷீட்டுலயே இருக்கே, ஒத்துழைக்கலன்னு."

நான் போன் எடுக்காத அந்த அறுபத்திரண்டு பேர் லிஸ்டை அட்மிஷன் ரிஜிஸ்டரோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துட்டுத்தான் போயிருந்தேன். பத்தொம்போது பேர், போன் அடிச்ச அன்னைக்கு நம்ம மூணாவது மாடியிலேயே படுத்திருக்காங்க! மூக்குல ஆக்சிஜன். எப்படி எடுப்பாங்க? ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க. செத்தவருக்கு மூணு தடவ அடிச்சு, ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்கோம்.

"படுத்துட்டதாலதான் சார் எடுக்கல. எடுக்காததால படுக்கல. தலைகீழா பாக்குறீங்க. சீட்டு போடுவோம். இனிமே டிஸ்சார்ஜ் ஆகுறவங்கள்ல பாதிப் பேருக்கு வெறும் போன், பாதிப் பேருக்கு போனும் நர்ஸும். எடுத்தாலும் எடுக்காட்டியும், சீட்டுல வந்த எல்லாரையும் எண்ணுவோம்."

"உயிர் விஷயத்துல சீட்டுக் குலுக்குறதா? தம்பி, மனுஷங்கப்பா!"

"தெரியாமயே மொத்தப் பேருக்கும் நர்ஸை நிறுத்துறீங்களே, அது மட்டும் நியாயமா?"

"உக்காரு" ன்னுட்டாரு. அவ்ளோதான், மீட்டிங் ஓவர்.

வெளிய வந்தா அக்கா என்மேல பாயுறா. "நாலு மாசமா காது கொதிக்கப் பேசியிருக்கேன். ஒண்ணுமே இல்லன்னு சபையில சொல்லிட்டியேடா."

"ஒண்ணுமில்லன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னேன். செத்தவர எப்படிக்கா ஒத்துழைக்கலன்னு எழுதின?"

"அந்த ஃபாரத்துல ரெண்டே கட்டம்டா. எடுத்தார், ஒத்துழைக்கல. மூணாவது தடவ அவர் பொண்டாட்டி எடுத்து அழுதாங்க. அத எந்தக் கட்டத்துல போட?"

அவ கண்ணு செவந்துபோச்சு.

அப்பதான் ஸ்லைடு சார் வந்து, அக்காகிட்ட குரலைத் தாழ்த்துறாரு. "சிஸ்டர், நாளைக்கு என் மாமனார் டிஸ்சார்ஜ். ஒரு ரெண்டு மாசம் வீட்டுக்கு ஆள் அனுப்பிடுங்க. டீம் நின்னாலும் அவருக்கு மட்டும்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டா.

"எதுக்கு சார்? நான் போன் பண்றேனே. போதும்னீங்களே."

"இல்லம்மா... அவருக்குக் காது கேக்காது. கால் வீங்கினாலும் வெளிய சொல்லமாட்டார்."

"அந்த அறுபத்திரண்டுலயும் அப்படி எத்தனை மாமனாரோ சார். ஒத்துழைக்கலன்னு எழுதிட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போச்சு. கொஞ்ச நேரம் லிஃப்ட் பட்டனையே அமுக்கிட்டு நின்னாரு, லிஃப்ட் வந்து போயும். அப்புறம், "சீட்டு போடு. ஆறு மாசம். அதுவரைக்கும் டீம் இருக்கும். ஆனா மாமனாரை சீட்டுல சேக்காத."

"சேக்கல சார். சீட்டுக்கு வெளிய வச்சா கணக்கு கெடாது. யார் கேட்டு, ஏன் வெளிய வச்சோம்னு மட்டும் எழுதி வைப்பேன்."

"என் பேரையா?"

"உங்க பேரைத்தான்."

மொறச்சாரு. நானும் மொறச்சேன். அக்கா என் கையிலிருந்த பேப்பரை வாங்கி முதல் விதியா எழுதினா: சீட்டு வச்ச கவரைப் பிரிச்சப்புறம் யாரும் யாரையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தக் கூடாது. அதுக்குக் கீழ புது ஃபாரத்துக்குக் கட்டம் போட ஆரம்பிச்சா. ஏழு கட்டம் வந்தும் நிறுத்தல.