அம்மா அவரிடம் சொன்னது

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்றைய வரவேற்புரையில் ஒரு தவறு செய்துவிட்டேன். எழுத்தாளர் தபித்தாளைப் பற்றி, "சிறு வயதிலேயே தாயைத் தீ விபத்தில் பறிகொடுத்தவர்" என்று சொன்னேன். அது அவருடைய இரண்டாவது நாவலில் வருவது. அவருடைய அம்மா சென்னையில் உயிரோடு இருக்கிறார். கூடலூரில் எங்கள் மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருக்க, மேடம் மைக்கை வாங்கிச் சிரித்தார்.

"எங்கம்மா இப்பதாம்மா போன் பண்ணி மாத்திரை தீந்துபோச்சுன்னாங்க. கதையில அவங்கள சாகடிச்சதுக்கு இன்னிக்கும் திட்டு வாங்கினுகீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாடம் நடத்தும் விஜயன் சார் மட்டும் என்னைப் பார்த்தார். மூன்று நாவல்களையும் படித்துக் குறிப்பெடுத்தவள் நான்தான்.

படித்தபோது எனக்கு வந்தது மரியாதை இல்லை, பொறாமை. கால்வாய் ஓரத்துக் குடிசை, மழை வந்தால் கட்டிலுக்கு அடியில் மிதக்கும் சட்டிகள், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் கூடை சுமந்தது. அவர் தொட்டதெல்லாம் நாவலாகிறது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டிலும்தான் ஒழுகுகிறது. நான் எழுதினால் அது பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொடுத்த மனு மாதிரி இருக்கிறது. இது விஜயன் சார் சொன்னது. சரியாகத்தான் சொன்னார்.

ஒரு வருடமாக அம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதப் பார்க்கிறேன். அம்மா சிறு பிள்ளையாக சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். கேள்விகளை வரிசையாக எழுதி வைத்து, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேட்பேன். "என்னத்தச் சொல்ல? ஏத்துனாங்க, வந்தோம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இன்று காலை மேடம் லயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஜீப்பில் ஓவேலிக்கு அழைத்து வந்தேன். வீட்டைத் துடைத்து, பக்கத்து வீட்டு நெல்சன் அண்ணனிடம் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். மேடம் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேராக அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்த குழாயடிக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க மொத குடம் யாருது?"

அம்மா நிமிர்ந்தாள். "கடைசி வீட்டுக்காரிதுதான். அவ தூங்குறாளோ இல்லியோ, குடம் வந்து நிக்கும்."

"நாங்க செருப்ப வுட்டு எடம் புடிப்போம். ஒருத்தி ஏஞ் செருப்ப தூக்கிக் கால்வாயில கடாசிட்டா. அவ கொண்டைய புடிச்சேன் பாரு, கையோட வந்துடுச்சி. சவுரி!"

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. சோப்புக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் கடிச்சே இருக்கேன்க்கா. மண்டபம் கேம்புல" என்றாள்.

அப்புறம் நிற்கவில்லை. கப்பலில் தன் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது. கப்பலில் வந்தவர்களை இறக்கித் தங்கவைத்த அந்தக் கேம்பில் தண்ணீர் வரிசையில் இவளை நிறுத்திவிட்டுப் போனது. ஒரு பொம்பளை இவள் குடத்தை எடுத்துப் பின்னால் வைத்தது. அந்தக் கையை இவள் கடித்து ரத்தம் வந்தது. நான் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மேல் கோபம், மேடம் மேல் கோபம், அந்த வாளி மேல்கூடக் கோபம். ரெக்கார்டரைப் போடலாம் என்று போனை எடுத்தேன். அம்மா கண்ணில் பட்டால் நிறுத்திவிடுவாள் என்று மறுபடி உள்ளே வைத்தேன்.

ஜீப்புக்கு நடக்கும்போது மேடம் கேட்டார். "இத நீ எழுதினுகீறியா சசி?"

"இல்லீங்க மேடம்."

ஆமாம் என்றால் காட்டச் சொல்வாரோ என்ற பயம்.

"அப்ப நான் எழுதிக்கட்டா? உங்கம்மா சரின்னுட்டாங்க."

"எழுதுங்க மேடம்."

சாயங்காலம் அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கயில ரேசன் கார்டுக்கு எழுத வந்தவ மாதிரியே இருக்க. பேரு? வயசு? எந்தத் தோட்டம்?" என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அந்த மேடம் புஸ்தகத்துல உன்னச் சாகடிச்சிரும்."

"சாகடிக்கட்டுமே. புஸ்தகத்துல செத்தா எனக்கு என்னா, காச்சலா வரப்போவுது?"

மாவை உருட்டி வைத்துவிட்டு அவளே பேசினாள். "நாளைக்கு டவுனுக்குத்தான போற? அந்தக்காகிட்ட ஒண்ணு சொல்லிரு புள்ள, விட்டுப்போச்சு. நான் கடிச்சேன்ல, அந்தப் பொம்பள. மறுநா விடிய நான் போறதுக்குள்ள ஏங் குடத்த ரொப்பி வச்சிருந்தா. கையில துணி சுத்திக்கிட்டு பக்கத்துலயே நின்னா. அவளும் பேசல, நானும் பேசல. தூக்க முடியாம தூக்கிட்டு வந்தேன்."

துணி சுற்றியிருந்த இடத்தை, மாவு ஒட்டிய விரலால் தன் மணிக்கட்டில் காட்டினாள்.

நாளை திங்கள். முதல் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். மேடத்தின் பஸ் கிளம்புவதற்குள் லாட்ஜுக்குப் போய், அந்தக் கதையை நான்தான் எழுதுகிறேன், நீங்கள் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். நிறைந்திருந்த குடத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது.