மூன்று காம்புப் பசு

தம்பிக்கு ஊரே வைத்த பெயர் சாவகாசம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவான். அப்படிப்பட்டவனை நம்பி, மூன்று நாள் முன்பு செத்துப்போன செவலைப் பசுவை டிராக்டரில் ஏற்றி, செத்த மாடுகளை எரிக்கும் கூடத்துக்கு அனுப்பியிருந்தாள் அக்கா. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இன்று காலைதான் உறைத்தது.

ஓடையில் ஒரு செவலைப் பசு செத்துக் கிடக்கிறதாம். காதை அறுத்து, எண் வில்லையை யாரோ கொண்டுபோய்விட்டார்களாம். கால்நடை ஆய்வாளர் அம்மா நேராக இவர்கள் பண்ணைக்குத்தான் வந்தார். வராமல் என்ன செய்வார்? போன வருடம் செத்த கன்றை அதே ஓடையில் தள்ளிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டவன் சாவகாசம்தானே. இன்னொரு முறை நடந்தால் பண்ணையை மூடிவிடுவோம் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"கூடத்துல குடுத்த ரசீது எங்கப்பா?"

"சட்டைப் பையில வச்சேன் மேடம். சட்டையைத் துவைச்சுட்டாங்க."

துவைத்தவளே அக்காதான். பையில் காகிதக் கூழ் இருந்தது உண்மை. அது ரசீதோ லாட்டரிச் சீட்டோ, யார் கண்டது? கூடத்துக்கு இன்று விடுமுறை. ஃபோனை எடுக்க ஆளில்லை.

"உண்மையைச் சொல்லித் தொலைடா!"

"சொல்றது உண்மைதான்க்கா."

மூவரும் ஓடைக்குப் போனார்கள். சேற்றில் முகம் புதைந்து ஊதிக் கிடந்தது மாடு. அதே நிறம், அதே உயரம். 'பாவி, கெடுத்தானே!' என்று தம்பியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ஆய்வாளர் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள் அக்கா. முகம் தெரியாவிட்டால் என்ன? ஆறு வருடமாகக் காலையும் மாலையும் குந்தி உட்கார்ந்து அவள் பார்த்தது முகத்தையா? மடியைத்தான்.

குனிந்து சேற்றை வழித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டாள்.

"நாலும் நல்லா இருக்கு மேடம்!"

செத்த மாட்டின் பக்கத்தில் நின்று இப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"எங்களுதுக்குப் பின்காம்பு ஒண்ணு மடிநோயில சுருங்கிப் போச்சு. உங்க ஏட்டுலயே இருக்கும், பாருங்க!"

ஆய்வாளர் புரட்டினார். இருந்தது.

"சரிம்மா, இது உங்க மாடு இல்ல. யாரோடதுன்னு நான் பாத்துக்கறேன். நாளைக்குக் கூடத்துல ரசீது நகல் வாங்கிக் குடுத்துடுங்க."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணாந்து பார்த்தாள். கரையில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி.

"மாட்டு மடி வந்து சாட்சி சொன்னாத்தான் என்னை நம்புவியாக்கா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

"போன வருஷம் நீ பண்ணின காரியத்துக்கு வேற எப்படிடா நம்புறது?" என்றவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "தப்புதான்டா. கையைக் குடு, வழுக்குது."

சாவகாசம் சட்டென்று எழுந்தான். செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வந்தான்.