விளக்கில்லாமல் கிடைத்த கணவாய்

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் மிண்டாவுக்குச் சோறு இறங்காது. மூன்று வாரமாக இறங்கவில்லை. காரணம், அதே ஊர் மீனவர் டெல்ஃபின்.

கணவாய் மீன் வெளிச்சத்தைத் தேடி வரும். அதனால் ஊர்ப் படகுகள் எல்லாம் இருட்டியதும் கரைக்கு எதிரே வரிசையாக நின்று, பேட்டரி விளக்கைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டு, விடியும்வரை தூண்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும். டெல்ஃபின் கொஞ்ச நேரம் எல்லோரோடும் நிற்பார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, துடுப்புப் போட்டு ஓசையில்லாமல் நழுவிவிடுவார். காலையில் இரண்டு வாளி நிறையக் கணவாய். கேட்டால், "எல்லாம் சான் விசென்டே பாத்துக் குடுக்குறதுதான்" என்பார்.

"அந்தப் புனிதருக்கு நம்ம படகு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் மிண்டா தன் கணவன் தேபானிடம். "இன்னைக்கு அவரு பின்னாடியே போறோம். விளக்க அணை."

தேபான் ஓலைப் பொட்டலத்துச் சோற்றை மென்றுகொண்டிருந்தான். "விளக்கில்லாமயா? அந்தப் பக்கம் கப்பல் போற வழிடி."

"விளக்கோட பின்னால போனா அதுக்குப் பேரு ஊர்வலம். அணைய்யா."

அணைத்தான். இருபதாண்டுக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டார்கள். கப்பல் வழிக்கு அப்பால் ஒரு சிமெண்டுக் கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் கப்பல். மேல்தளம் முழுக்க விளக்கு. அதன் அடியில், நிழலோரமாக, டெல்ஃபினின் படகு.

மிண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா? கப்பல்காரன் விளக்குல கணவாய் வருது, இவரு சும்மா அள்ளுறாரு. என்ன மூளை மனுஷனுக்கு."

நடுவில் இருந்த வழியை மட்டும் கடக்க வேண்டும். வலப்பக்கமிருந்து ஓர் இழுவைப் படகு வந்தது. உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு. புகையைக் கக்கிக்கொண்டு அது முன்னால் கடந்துபோனது.

"போயிடுச்சு. போடு துடுப்ப," என்றாள். படகு நகர்ந்தது.

அப்போதுதான் கப்பலின் அடியில் டெல்ஃபினின் விளக்கு எரிந்தது. எரிந்ததோடு நிற்கவில்லை, இடமும் வலமுமாக ஆடியது.

"நம்மளப் பாத்துட்டாரு. போ போன்னு விரட்டுறாரு," என்றான் தேபான்.

"விரட்டுறவன் விளக்க ஆட்டுவானா? விளக்க ஆட்டினா ஆபத்து, வாங்கன்னு அர்த்தம். ஊரே கெளம்பி வந்துடாதா?" மிண்டா துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். புரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட அவளால் முடியாது. "இரு. நிறுத்து. எதுக்கு ஆட்டுறாரு?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிமெண்டுக் கப்பலின் விளக்குகள் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு டெல்ஃபினின் விளக்கும் போயிற்று. துருவும் நிலக்கரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. முன்னால் இருந்த கடலே இருண்ட சுவராக எழுந்து நகர்வதை மிண்டா கண்டாள்.

"பின்னால தள்ளு!" என்று கத்தினாள்.

இருவரும் வெறிபிடித்தவர்கள்போல் பின்னோக்கித் துழாவினார்கள். இழுவைப் படகு நீளமான கம்பி வடத்தில் கட்டி இழுத்துவந்த பெரிய நிலக்கரிச் சரக்குத் தோணி அது. ஆளில்லை, விளக்கில்லை; இழுவைப் படகின் உச்சியில் இருந்த இரண்டு வெள்ளை விளக்குதான் அதற்கு அடையாளம். கைக்கெட்டும் தூரத்தில் அது போனது. அதன் அலை, படகின் பக்கவாட்டில் கட்டிய மூங்கில் மிதவையைத் தூக்கிப் போட்டது. சோற்றுப் பொட்டலங்கள் கடலோடு போயின.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோதும் டெல்ஃபின் விளக்கைக் கீழே வைக்கவில்லை. மிண்டா அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, இருட்டுல நாங்க எப்படித் தெரிஞ்சோம்?"

"பின்னால நம்மூரு விளக்கு வரிசை இருக்குல்ல, அது ஒண்ணு ஒண்ணா மறைஞ்சு மறைஞ்சு வந்துச்சு. என்னடா சின்னதா ஒண்ணு கறுப்பா வருதுன்னு பாத்தேன்." அவர் கப்பல் வழியைத் திரும்பிப் பார்த்தார். "மூணு வாரமா நானும் அப்படித்தான் வர்றேன், தாயி. இன்னைக்கு உங்கள வச்சுத்தான் என்னையே பாத்தேன்."

தூரத்தில் அந்த வரிசை கலைந்தது. ஆட்டிய விளக்கைப் பார்த்துவிட்டு, பதினோரு படகும் மோட்டாரைக் கிளப்பி வந்துகொண்டிருந்தன.

முதலில் வந்தவன், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான். யாரும் பதில் சொல்வதற்குள் தண்ணீரைப் பார்த்தான். கப்பல் வெளிச்சத்தில் கணவாய்க் கூட்டம் பளபளத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

டெல்ஃபின் கப்பலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் விளக்கைப் படகின் முன்கம்பில் இறுகக் கட்டினார்.

"வந்துட்டீங்கல்ல, தூண்டிலப் போடுங்க," என்றார். "விளக்க மட்டும் ஒருத்தனும் அணைக்காதீங்க."