நடுவில் எழுந்திருக்காத சாப்பாடு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு காய்கறி வண்டி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து எங்கிருந்து சுட்டீர் என்று கேட்டால் வம்பு.

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்வீடு விஜயலக்ஷ்மியுடையது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வண்டியில் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டே என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். துறைமுகத்திலிருந்து கிளம்பிக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புகிற சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகிறார்களாம், வருகிற வெள்ளிக்கிழமை. வேளாவேளைக்குச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் மேல்தளத்தில் தனியாக இன்னொரு ஹோட்டல் உண்டு. அங்கே பெரியவர்களுக்கு மட்டும்தான் இடம். அதற்குக் காசும் தனி.

"போலாமா மாமா? குடுக்கற காசுக்குத் தகுமா?" என்றாள்.

நான் கப்பலில் கால் வைத்தவனில்லை. சாந்தோம் கரையில் நின்றுகொண்டு தூரத்துச் சரக்குக் கப்பலுக்குக் கையாட்டியதோடு சரி. ஆனால் தெருவுக்குள் எழுத்தாளர் என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேனே, தெரியாது என்று சொல்ல வாய் வருமா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் போயிருக்க வேண்டியது. யோசிக்க உட்கார்ந்ததில் கதையாகிவிட்டது, என்ன பண்ண?

2

முதல் தொடக்கம்:

"விஜயலக்ஷ்மி மேல்தளத்தில் நின்று நீலக் கடலைப் பார்த்தாள். அலைகள் அவள் மனதைப் போலவே—"

வேண்டாம். அலையையும் மனதையும் முடிச்சுப் போடாத ஆள் தமிழில் யாராவது பாக்கி இருந்தால் அவருக்கு விட்டுவிடுவோம்.

இரண்டாவது:

"நடுத்தர வர்க்கத்தின் நுகர்வு வேட்கை கரையைத் தாண்டிக் கடலுக்குள் நுழைந்துவிட்ட இக்காலகட்டத்தில்—"

அடக் கடவுளே. இப்படியே போனால் யாராவது பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.

மூன்றாவது:

"விஜிக்கு ஒரு ஆசை இருந்தது."

இது தேவலை. என்ன ஆசை என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து விளையாடுகிற வயது எனக்கில்லை. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, உட்கார்ந்த இடத்தை விட்டு நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.*

(* இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை என் தலைக்கு நேர் மேலே. நாற்காலியை இழுக்கிற சத்தம் நன்றாகவே கேட்கும். தினம் ராத்திரி ஒரே நாற்காலிதான் திரும்பத் திரும்ப இழுபடுகிறது. எங்கள் வீட்டு நாற்காலிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்களுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம், அங்கிருந்து கேட்கிறவர் யாருமில்லை.)

3

இனிமேல் கதை. விஜியின் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.

விஜியின் அகத்துக்காரர் ஸ்ரீனிவாசராகவன் வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறவர். கெட்டவர் என்று எழுதினால் கதை சுலபமாக நகரும், ஆனால் மனுஷன் தங்கம். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தையே, "நீயும் உக்காந்துக்கோயேன் விஜி" என்பதுதான். விஜியும் உட்காருவாள். ஒரு பிடி சாதத்தைப் பிசைவாள். "அந்தத் தயிரை மட்டும் கொண்டுவந்துடேன்" என்பார். தயிர் வரும். மகள் ஸஹானாவுக்குப் பதினொரு வயசு, அவளுக்கு அப்பளம் வேண்டும். அப்பளம் வந்து விஜி உட்காரும்போது குக்கர் கத்தும், கூரியர்காரன் மணி அடிப்பான், பால் பொங்கும்.

(எங்கள் வீட்டில் மணி அடிக்கிறது. யாராவது திறப்பார்கள்.)

அப்போதெல்லாம் ராகவன் எழுந்திருக்க மாட்டார். சோம்பேறித்தனம் இல்லை, அவருக்கு ஒரு கட்டு உண்டு. பரிசேஷணம். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து, மந்திரம் சொல்லி, சாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுவிட்டுத்தான் வாயில் கை வைப்பார். வட்டம் போட்டுவிட்டால் சாப்பாடு முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது, அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. மற்றபடி ராகவன் பீட்சா சாப்பிடுவார், வெங்காயம் பூண்டு எல்லாம் நடக்கும். சாதத்தைக் கண்டால் மட்டும் கை தானாகத் தண்ணீரைத் தேடும். விஜிக்கு அந்த வட்டத்தின் மேல் கோபமெல்லாம் கிடையாது. தனக்கும் யாராவது ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் தேவலையே என்றுதான் சில நாள் நினைத்திருக்கிறாள்.

மேல்தள ஹோட்டல் பேச்சை அவள் எடுத்ததும் ராகவன் சிரித்தார். கீழே பஃபே என்று நாள் முழுக்கக் கல்யாணச் சாப்பாடு மாதிரிப் போடுகிறான், அதை விட்டுவிட்டு மேலே போய்க் காசு கொடுத்துப் பட்டினி கிடக்க வேண்டுமா, பெரிய தட்டில் நடுவில் மோதிரம் அளவுக்கு ஏதோ வைப்பான், அதுவும் குழந்தையை விட்டுவிட்டு என்றார். பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் பஃபே என்றாலே எழுந்திருப்பதுதான் என்பது விஜிக்குத் தெரியும். ஸஹானாவுக்கு நூடுல்ஸ், அவருக்குத் தயிர், திரும்ப ஸ்பூன், திரும்ப ஊறுகாய். கடல் நடுவிலும் அவள் நாற்காலிதான் இழுபடும்.

காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு மனப்பாடம். யாரு உன்னை எழுந்துக்கச் சொன்னா, உக்காந்துக்கோயேன். அப்புறம் தயிர். அதனால் தன் சம்பளத்தில் இரண்டு இருக்கைக்குப் பணம் கட்டிவிட்டு, "கட்டியாச்சு, இனிமே திருப்பித் தரமாட்டானாம்" என்றாள். தண்டம் போகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக ராகவன் ஒப்புக்கொண்டார்.

4

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். கப்பல் ஹோட்டலுக்குள் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளை மேஜைவிரிப்பு, கண்ணாடிக் கதவு, ஜன்னலுக்கு வெளியே கடல் என்று போட்டுக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவன் வெளிநாட்டுக்காரனாக இருக்கலாம், ஆனால் அவனை எப்படிப் பேசவைப்பது? அதனால் எனக்குப் பழகின ராயப்பேட்டையிலிருந்து ஒரு பையனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பேர் ஃபராஸ். கறுப்புக் கோட்டு, பளபளக்கிற ஷூ. வாயைத் திறந்தால் இங்கிலீஷ், அதுவும் தமிழ் முகத்தைக் காண்கிறவரைதான்.

ஸஹானாவைக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் விளையாடுகிற கூடத்தில் விட்டார்கள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. விஜி பட்டுப்புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபராஸ் முதல் தட்டைக் கொண்டுவந்ததும் பழக்க தோஷத்தில் ராகவனுக்கு எடுத்து வைக்கப் பாதி எழுந்துவிட்டாள்.

"நீங்க குந்துங்க மேடம். அதான் நான் கீறேன்ல" என்றான் ஃபராஸ்.

விஜி உட்கார்ந்தாள். (இது எழுந்ததாகக் கணக்கா? கணக்கில்லை. இங்கே நடுவர் நான்தான்.) அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கே கட்டின பணம் செரித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். வெட்கமாகக்கூட இருந்தது, ஒரு பையன் உட்காரச் சொன்னதற்கெல்லாம் அழுவார்களா என்று.

சூப் வந்தது, குடித்தார்கள். பேசவும் பேசினார்கள். தயிரைப் பற்றி இல்லை, அப்பளத்தைப் பற்றி இல்லை. ராகவன் தன் வங்கியில் ஏஸி ரிப்பேரான கதையைச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்தார். அவர் முகத்தை இத்தனை நேரம் நேருக்கு நேர் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று விஜி நினைத்துக்கொண்டாள். காதோரம் நரைத்திருந்தது, நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து பூசணிக்காய் போட்டுக் குழைய வேகவைத்த ஒரு சமாசாரம் வந்தது. இது என்ன என்று ராகவன் கேட்டார். அரிசிதான், இத்தாலிக்காரன் சோறு என்றான் ஃபராஸ். அவ்வளவுதான், சாதம் என்று தெரிந்துவிட்டதே! கை தண்ணீரைத் தேடியது. மேஜையில் இருந்தது நுரைக்கிற சோடாத் தண்ணீர். உள்ளங்கையில் அது புஸ்ஸென்றது. ராகவன் மந்திரத்தை முணுமுணுத்துத் தட்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

தண்ணீர் கொட்டிவிட்டதாக நினைத்து ஃபராஸ் பறந்து வந்து துணியால் ஒற்றித் துடைத்தான். ராகவன் மறுபடி வட்டம் போட்டார். ஃபராஸ் மறுபடி துடைத்தான். மூன்றாவது வட்டத்துக்குத் துணியோடு குனிந்தவனிடம் விஜி, "விட்டுடுப்பா, அது சாமி தண்ணி" என்றாள். அவன் துணியை மடித்துவிட்டு, "ஸாரி சார், எனக்கு இன்னா தெரியும்" என்று பணிவாகப் பின்வாங்கினான். விஜிக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. ராகவனுக்கும் உதடு கோணியது, வாயில் கவளம் இருந்ததால் சிரிக்காமல் சமாளித்தார்.

விஜியும் முதல் வாய் எடுத்து வைத்தாள். சூடாக இருந்தது. பரிமாறி முடித்து ஆறிப்போன பிறகு சாப்பிட்டே பழகின நாக்கு அந்தச் சூட்டில் கொஞ்சம் திடுக்கிட்டது.

இரண்டாவது வாய்க்குக் கை போகும்போது ஃபராஸ் அவள் காதருகே வந்து குனிந்தான்.

"மேடம், பாப்பா ஒண்ணு கதவாண்ட நின்னுகினு கீது. உங்க கொயந்தையா பாருங்க. ரூல்ஸு மேடம், உள்ள வுட முடியாது."

விஜி திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸஹானா, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். விஜியின் கை நாற்காலிப் பிடிக்குப் போனது.

நிறுத்துகிறேன்.

5

குழந்தை அழவில்லை. அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை. கூடத்தில் இருந்த பெண்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அதற்கு மட்டும் நான் உத்தரவாதம். மற்றபடி அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. போர் அடித்திருக்கலாம், பசித்திருக்கலாம், ஹேர்பேண்டைத் தொலைத்திருக்கலாம்.

முடிவுகளைப் போட்டுப் பார்ப்போம்.

விஜி எழுந்து போகிறாள். விஷயம் ஒன்றுமில்லை, அறைச் சாவி எங்கே என்று கேட்க வந்தது. திரும்பி வந்தால் ஃபராஸ் அவள் துணி நாப்கினை அழகாக மடித்து நாற்காலிக் கையில் போட்டிருக்கிறான், சோறு ஆறியிருக்கிறது. "கப்பல் என்ன, கைலாயம் என்ன, எங்கே போனாலும்—" இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை. நிஜத்தில் நடக்கப்போவது இதுதான் என்று ஊருக்கே தெரியும், இதை எழுத நான் எதற்கு?

சரி, ராகவன் எழுந்திருக்கிறார். அப்பா சொல்லிக்கொடுத்த கட்டை வாழ்க்கையில் முதல்முறையாக மீறி, வட்டத்தைத் தாண்டி, எச்சில் கையோடு கதவுக்குப் போகிறார். பின்னால் வயலின். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருஷம் எழுந்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை, ஒரே ஒரு தடவை எழுந்தவருக்கு வாசகர்கள் கைதட்டப் போகிறார்கள். அடித்துவிட்டேன்.

ஃபராஸ் ஒரு ஐஸ்கிரீமை மறைத்து எடுத்துப்போய்க் குழந்தையிடம் கொடுக்கிறான். பாவம், வேலை போய்விடும். ராயப்பேட்டையில் அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டு பேரும் காணாதமாதிரி சாப்பிடுகிறார்கள். இதை எழுதவே முடியவில்லை. குழந்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது விஜியின் தொண்டையில் எதுவும் இறங்காது. அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டுமானால், யாரோ ஒருத்தர் எழுந்தே ஆகவேண்டும். இதைத்தான் அந்த வீட்டில் யாரும் இதுவரை கவனித்ததில்லை.

(மணி விடாமல் அடிக்கிறது. இந்த வீட்டில் ஆளே இல்லையா?)

6

வெள்ளிக்கிழமை கப்பல். அதற்குள் மாடி வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், காசுக்குத் தகுமா தகாதா என்று. கதை முடிந்தால்தான் எனக்கே தெரியும். அவள் கை இன்னும் நாற்காலிப் பிடியில்தான் இருக்கிறது. அதிக நேரம் தாங்காது, பழகின கை அது.

ஃபராஸின் கையில் தட்டுகள். ராகவனின் கையில் எச்சில். நான் போகலாம்தான், ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டேன், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. ஆக மொத்தம் இந்தக் கதையில் சும்மா இருக்கிற கை உங்களுடையது ஒன்றுதான்.

எனவே தயவுசெய்து நீங்கள் எழுந்திருங்கள். இதைக் கீழே வையுங்கள். அந்தக் கண்ணாடிக் கதவு தள்ளினால் திறக்காது, இழுக்க வேண்டும். வெளியே போய்க் குழந்தையிடம் என்னம்மா வேண்டும் என்று கேளுங்கள், எதுவானாலும் பார்த்துக் கொடுங்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும்போது மட்டும் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் அவள் எழுந்துவிடுவாள்.